பாலைவன மூலிகை சர்க்கரையைக் குறைக்குமா?

கேள்வி:

டாக்டர், எனக்கு 57 வயது. பிறந்த ஊர் திருச்சி பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செகந்திராபாத் பத்மாராவ் நகர்தான். எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் காலையும் இரவும், காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி., இரவில் கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். தைராய்டு மாத்திரையும் உண்டு. கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.2, கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 142.

எதிர்வீட்டில் ஜோத்பூர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, பேகம் பஜாரில் ஒரு மூலிகைக் கடையில் ‘பாலைவன மூலிகைப் பொடி’ வாங்கி வந்தேன். மழையே இல்லாத மண்ணில் விளைந்தது, அதனால் வீரியம் அதிகம் என்றார் கடைக்காரர். குக்குலு, இந்திராயண், பனீர் பூ, வெந்தயம் என்று நான்கு பெயர் சொன்னார். மற்றதெல்லாம் குடும்ப ரகசியமாம். மூன்று வாரமாகக் காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 168-லிருந்து 131-க்கு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆனால் தினமும் மூன்று நான்கு தடவை பேதியாகிறது, அடிவயிறு முறுக்குகிறது, சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே இருக்கிற கசடு வெளியேறுகிறது, நல்லதுதான் என்கிறார் கடைக்காரர். தொடரலாமா? மற்ற மாத்திரைகளையும் நிறுத்திவிடலாமா? ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டு டில்டியாசெம் சாப்பிடும் என் வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாமா?

– ஒரு வாசகி, செகந்திராபாத்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொடியை இன்றே நிறுத்துங்கள். பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும். அட்டோர்வாஸ்டாடினை இன்று இரவே மறுபடி தொடங்குங்கள். பேதி நிற்கும்வரை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தமோ சளியோ தெரிந்தாலும், எழுந்து நின்றால் தலை சுற்றினாலும், சிறுநீர் குறைந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் நாளை காலை மருத்துவரைப் பார்த்து, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டி வரலாம். கிளிமிபிரைடு இன்னும் கவலைக்குரியது. சாப்பாடு இறங்காத நாளில் அதை வழக்கம்போல் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். அளவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கசடு வெளியேறுகிறது என்று கடைக்காரர் சொன்னது சரியல்ல. உங்கள் குடல் புண்பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு முதல் சந்தேகம் அந்த நான்கு பெயர்களில் இரண்டாவதின் மேல்தான். இந்திராயண் என்று மார்வாடிகள் சொல்வதை நம்மூரில் பேய்க்கும்மட்டி என்போம். சிலர் ஆற்றுத்தும்மட்டி என்பார்கள். மணற்பாங்கான நிலத்தில் தர்ப்பூசணிக் கொடியைப் போலவே படர்ந்து, எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாகப் பச்சையும் வெளிறிய வரியுமாகக் காய்க்கும். காயைப் பிளந்து நாக்கில் வைத்தால் அந்தக் கசப்பு அரை நாள் போகாது. யுனானி மருத்துவத்தில் இதற்கு ஹன்ஸல் என்று பெயர். கடுமையான பேதி மருந்தாக, மிகச் சிறிய அளவில், மற்ற சரக்குகளோடு சேர்த்துத்தான் ஹக்கீம்கள் கொடுப்பார்கள்.

இதற்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈரானில் 50 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், பேய்க்கும்மட்டிக் காய்ப்பொடியை 100 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரியும் வெறும் வயிற்று அளவும் ஓரளவு குறைந்தன. அந்த ஆய்வில் ஒரு நாள் முழுவதற்கும் கொடுத்தது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நீங்கள் ஸ்பூன் கணக்கில் இரு வேளை சாப்பிட்டிருக்கிறீர்கள். அதில் இந்திராயண் எத்தனை பங்கு என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். அளவு மீறினால் இது பெருங்குடலைப் புண்ணாக்கி ரத்தப்போக்கு வரை கொண்டுபோகும். அப்படி மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

இந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிடசின் என்ற பொருள் சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி என்று அந்தக் குடும்பம் முழுவதிலும் இருக்கிறது. நாம் சமைக்கும் ரகங்களில் மிகக் குறைவு என்பதால் தப்பிக்கிறோம். 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சர்க்கரைக்காகச் சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்துபோனார். அன்று அந்தச் சாறு கசந்திருந்தது. அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. சுரைக்காய் கசந்தால் சாற்றைக் குடிக்காதீர்கள் என்பது அந்தக் குழு மக்களுக்குச் சொன்ன முக்கியமான செய்தி. சுரைக்காயிலேயே இப்படி என்றால் பேய்க்கும்மட்டியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மழையில்லாத மண்ணில் விளைந்தது வீரியம் மிக்கது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். வறண்ட நிலத்துச் செடிக்கு இரண்டு கவலைகள். கிடைத்த கொஞ்சம் இலையையும் காயையும் ஆடு, ஒட்டகம், பூச்சியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். கிடைத்த கொஞ்சம் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்க வேண்டும். முதல் கவலைக்காகச் சில செடிகள் கசப்பும் பிசினும் நஞ்சும் சேர்த்துவைக்கின்றன. இரண்டாவதற்காக வேறு சில செடிகள் விதையிலும் தோலிலும் வழவழப்பான பசையைச் சேர்த்துவைக்கின்றன. கடைகளில் பேர் எடுத்தவை கசப்புச் செடிகள்தான். சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் பரிசோதித்துத் தேறியவையோ பெரும்பாலும் பசைச் செடிகள். உங்கள் பொடியில் இரண்டும் கலந்திருக்கின்றன.

குக்குலுவின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது நம் நாட்டு அறிவியலின் கதை. ராஜஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் பாறையிடுக்கில் வளரும் முள் நிறைந்த குட்டை மரம் அது. பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் குக்குலு. சுசுருத சம்ஹிதையில் உடல் கொழுப்பைப் பற்றிய பகுதியை அடிப்படையாக வைத்து, ஜி.வி. சத்தியவதி என்ற ஆய்வாளர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களிடம் இதைச் சோதித்து 1966-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைமை இயக்குநரானவர் அவர். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்த வழியில் உழைத்து, பிசினைப் பிரித்துச் சுத்தம் செய்து ‘குகுலிப்பிட்’ என்ற மருந்தை உருவாக்கியது. 1980-களின் கடைசியில் அது கடைக்கு வந்தது. 1994-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், 61 பேரிடம் 24 வாரம் பார்த்தபோது எல்.டி.எல். ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்தது. 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், இதிலுள்ள குக்குல்ஸ்டெரோன் கல்லீரலில் எந்தப் பூட்டில் சாவியாகப் பொருந்துகிறது என்பதைக்கூடக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியானது. கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 103 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, எட்டு வாரம், யாருக்கு எது என்று தெரியாமல் குக்குலுவையும் வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5 சதவீதம் இறங்கியது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வந்தன. அமெரிக்க உணவு வேறு, நம் உணவு வேறு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எல்.டி.எல்.-ஐ நம்பகமாக முப்பது சதவீதத்துக்கு மேல் குறைக்கும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, குறைக்குமா ஏற்றுமா என்றே தகராறில் இருக்கும் பிசினுக்காக அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயுர்வேதத்திலும் குக்குலுவை அப்படியே கொடுப்பதில்லை. திரிபலாக் கஷாயம் போன்றவற்றில் வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்கிறார்கள். பொடிக்கடையில் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இன்னொரு வருத்தமும் உண்டு. அதிகப் பிசினுக்கு ஆசைப்பட்டு ஆழமாகக் கீறிக் கீறியே அந்த மரத்தைக் கொன்றுவருகிறோம். அழிவின் விளிம்பில் இருக்கும் தாவரங்களின் உலகப் பட்டியலில் அது மிக அபாயமான நிலையில் இருக்கிறது.

பனீர் பூ, நம் அமுக்கராவுக்குச் சகோதரச் செடி. சிந்து, பலுசிஸ்தான் பக்கம் பாலைத் திரிக்கவே அந்தக் காயைப் போடுவார்கள். சர்க்கரைக்கு நல்லது என்பதற்கு இருக்கும் சான்று பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது, அதற்கு மேல் பேச இன்னும் ஒன்றுமில்லை.

பிறகு எப்படி 168, 131 ஆனது என்று கேட்பீர்கள். மூன்று வாரமாகப் பேதி, சாப்பாடு இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றே அந்த அளவுக்குச் சர்க்கரையைக் குறைக்கும். பொடியில் இருக்கும் வெந்தயத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். மூன்றாவது சாத்தியத்தையும் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரைக்கான மூலிகைப் பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மாத்திரையைப் பொடித்துக் கலந்து விற்றதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். உங்கள் கடைக்காரர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரகசியம் என்று சொல்லப்படும் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு அதே வகை மருந்து இன்னொரு வழியாகவும் உள்ளே போனால் நள்ளிரவில் நினைவிழக்கும் ஆபத்து உண்டு. 2004-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. கிரியாட்டினின் பரிசோதனையை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்களுக்கு உதவக்கூடியவற்றுக்கு வருகிறேன். அவற்றில் முதலாவது உங்கள் ஊரிலேயே, உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தார்நாக்காவில் ஆராயப்பட்டது. அங்கே இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் குன்னூரில் 1918-ல் ஒரே அறையில் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே ஆர்.டி. சர்மா, டி.சி. ரகுராம் ஆகியோர் வெந்தயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இதுவும் வறண்ட மண்ணின் பயிர்தான். நாட்டில் விளையும் வெந்தயத்தில் ராஜஸ்தானுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-ல் வெளியான அவர்கள் ஆய்வில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராமைப் பகல் உணவிலும் இரவு உணவிலும் பாதிப் பாதியாகக் கலந்து பத்து நாள் கொடுத்தார்கள். சிறுநீரில் போகும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எல்.டி.எல்., டிரைகிளிசரைடு எல்லாம் இறங்கின. நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்.டி.எல். அப்படியே இருந்தது. 100 கிராம் யாராலும் தினம் தின்ன முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். 1996-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 60 நோயாளிகளுக்குத் தினம் 25 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்தபோதும் கொலஸ்ட்ரால் குறைந்தது.

ஒரு ஸ்பூன் வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் விரலால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையையும் சுற்றிக் கண்ணாடிபோல் ஒரு வழவழப்பு, நூலாக இழுபடும். மருந்தின் பெரும்பகுதி அதுதான். குடலில் அது உணவோடு கலந்து கூழாகிறது. சோற்றிலிருந்து சர்க்கரை பிரிந்து ரத்தத்தில் சேர்வதை மந்தமாக்குகிறது. கொலஸ்ட்ரால் கதை இன்னும் சுவையானது. கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலம் செய்கிறது. அந்த அமிலம் குடலுக்கு வந்து, வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுத் திரும்பிப் போகும். பசை அதைச் சிக்கவைத்து மலத்தோடு வெளியே அனுப்பிவிடுகிறது. கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. ஊறவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சாரத்தைக் கொட்டிவிட்டு சக்கையைக் குடிக்கிறார்கள்.

அதே வகைப் பசை இன்னும் அதிகமாக இருப்பது குவார் விதையில். கொத்தவரங்காய்தான், நீங்கள் இப்போது கோரு சிக்குடு என்று வாங்குவீர்கள். தார் பாலைவனத்தின் முக்கியப் பயிர். உலகக் குவாரில் பெரும்பகுதி ராஜஸ்தானில்தான் விளைகிறது. 1970-களில் ஆக்ஸ்போர்டில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவர் குவார் பசையை உணவில் கலந்து கொடுத்து, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைவதைக் காட்டினார். பின்னாளில் கிளைசீமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை உலகுக்குத் தந்தவர் அவர்தான். ஆனால் பசை முற்றிய விதையில் இருக்கிறது, நாம் பருப்புசிலிக்கு வாங்கும் பிஞ்சில் கொஞ்சம்தான். எனவே கொத்தவரங்காயை மருந்தாக எண்ணாமல் நல்ல காயாக, சோற்றின் அளவைக் குறைத்து அதைக் கூட்டி, சாப்பிடுங்கள்.

உங்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்க விரும்புவது இசப்கோல். குஜராத்திலும் ராஜஸ்தானின் ஜாலோர், பார்மேர் பக்கங்களிலும் விளைகிறது. மலச்சிக்கல் மருந்து என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இதய நோய்க்கான ஆபத்தைக் குறைக்கும் என்று அட்டையில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் 1998-ல் அனுமதித்த பொருள் அது. தினம் சுமார் 10 கிராம் உமி எல்.டி.எல்.-ஐ 5 முதல் 10 சதவீதம் குறைக்கும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சிம்வாஸ்டாடின் 10 மி.கி.யோடு 15 கிராம் இசப்கோல் சேர்த்தவர்களுக்கு, 20 மி.கி. மாத்திரை சாப்பிட்டவர்களின் அளவுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. மாத்திரையோடு சேர்ந்து அதன் பலனைக் கூட்டும் துணை என்று இதை எண்ணுங்கள்.

பாலைவன உணவின் கதை நம் நாட்டோடு முடியவில்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பீமா என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். உலகிலேயே மிக அதிகமாக நீரிழிவு காணப்படும் மக்களில் அவர்களும் அடங்குவர். அவர்களின் பழைய உணவுகளை, மெஸ்கீட் காய், காட்டு மொச்சை போன்றவற்றை, சோதித்துப் பார்த்த ஆய்வும் 1990-ல்தான் வந்தது. அந்த உணவுகளில் பெரும்பாலானவை சர்க்கரையை மெதுவாகவே ஏற்றின. கடையில் கிடைக்கும் மாவும் சர்க்கரையும் வந்தபின்தான் நோய் பெருகியது. மெஸ்கீட், நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதற்காக அந்தக் காயைப் பறித்துத் தின்ன வேண்டாம்.

ஆவாரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கும் தங்கேடுப் பூ அதுதான். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீருக்கு மதுமேகத்தில் நெடுநாள் இடம் உண்டு. விருப்பமானால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம், உங்கள் மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டு, வாங்குங்கள். பூவைப் போட்டுத் தேநீராகக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை நம்பி மாத்திரையை விடுவதில்தான் ஆட்சேபம்.

செய்ய வேண்டியது இதுதான். பேதி முழுக்க நின்று, வயிறு ஒரு வாரம் அமைதியாக இருக்கட்டும். பிறகு வெந்தயப் பொடியை மதியம் ஒரு டீஸ்பூன், இரவு ஒரு டீஸ்பூன் என மோரிலோ சப்பாத்தி மாவிலோ கலந்து தொடங்குங்கள். வயிறு ஒத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் ஒரு வேளைக்கு இரண்டு டீஸ்பூன் வரை கூட்டலாம். ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன அளவு வேளைக்குப் பன்னிரண்டரை கிராம். வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர் என்றால் வெந்தயம் வேண்டாம். இசப்கோலை ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு தம்ளர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நல்ல இடைவெளி வேண்டும். அது காலையில் வெறும் வயிற்றில் என்றால் இதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். வெந்தயம் சேர்க்கும் முதல் மாதம் வாரம் இரண்டு முறை வீட்டில் சர்க்கரை பாருங்கள். 80-க்குக் கீழே வந்தால் கிளிமிபிரைடைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்.டி.எல்.-ஐ இரண்டு மாதம் கழித்தும் மூன்று மாதச் சராசரியை மூன்று மாதம் கழித்தும் பாருங்கள். எல்.டி.எல். 100-க்குக் கீழே வரவில்லை என்றால் அட்டோர்வாஸ்டாடின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பயப்படாதீர்கள்.

வீட்டுக்காரருக்கு அந்தப் பொடியை ஒரு சிட்டிகைகூடக் கொடுக்கக் கூடாது. குக்குலு சேர்ந்தால் டில்டியாசெம் ரத்தத்தில் சேரும் அளவு குறைந்துபோகிறது என்று 1994-லேயே கண்டிருக்கிறார்கள். பிராப்ரனலாலுக்கும் அதே கதிதான். ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவருக்கு அது விளையாட்டல்ல. ஸ்டென்ட் வைத்திருந்தால் ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிடுவார். அவருக்கு வெந்தயத்தைக்கூட மருந்து அளவில் கொடுப்பதற்கு முன் இதய மருத்துவரைக் கேளுங்கள். குழம்பில் தாளிக்கிற வெந்தயத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம்.